ஓடைக்கு எத்தனை அடி தள்ளி வீடு?

மலருக்கு ஒரு கவிதை எழுதித் தா என்றுதான் பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எனக்கு வராது. ஆனால் கடந்த ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுகிற ஒரே விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். "அதை எழுதட்டுமா?" என்றேன். "என்ன விஷயம்?" என்றார். "ஓடைப் புறம்போக்கு" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, எழுது. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒருநாள் மனை வாங்குவார்கள்.

எனக்கு ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டிய ஊர். அப்பா பட்டாசு ஆபீசில் வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போது வீட்டிலிருந்தே குழாய் சுற்றுகிறார்கள். நாங்கள் குடியிருப்பது லைன் வீடு, வாடகை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எந்தத் தாள் வந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். ரேஷன் கார்டு, மகளிர் குழுக் கடன் பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம். அப்படித்தான் போன சித்திரையில் ஒருநாள் அப்பா ஒரு பழைய பத்திரத்தின் ஜெராக்சைக் கொண்டுவந்து வைத்தார்.

"மூணு சென்ட் இடம் பார்த்திருக்கேன். சென்ட் ஒண்ணரை லட்சம். ஓடைக்கரைதான், நல்லாக் காத்து வரும். எழுவத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. நீதான சிவிலு படிக்க, பார்த்துச் சொல்லு."

சர்வேயிங் பேப்பரில் நான் 86 மார்க். ஆனால் அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டு என்ன சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அந்த 'நாளைக்கு' வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தில் தெரிந்துகொண்டதுதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ஓடை பக்கத்தில் வீடு கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும்' என்று எங்கள் லேபில் ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். நானும் அப்படி ஒரு பாரம் எங்கேயோ இருக்கிறது என்று தேடினேன். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடங்களுக்கு அந்த அனுமதி தேவைப்படுவது கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டும்போதுதான். நம் வீடு 60 சதுர மீட்டர் வந்தால் பெரிய விஷயம். ஆகவே சாதாரண வீட்டுக்கு அந்தப் பெயரில் தனித் தாள் கிடையாது. அப்படியானால் ஓடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நிலத்தின் வகைப்பாடும், கட்டட விதிகளும், நீர்வளத் துறையின் கருத்தும், நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கின்றன. நாலும் நாலு இடத்தில் இருப்பதால்தான் நம்மைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம்.

நிலத்தின் வகைப்பாடு என்றேன். நம் ஊர்ப் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, கவனித்தீர்களா? 'நத்தம்' என்பது வருவாய்த் துறைக் கணக்கில் குடியிருப்புக்கென்று விட்ட நிலம். விஸ்வநத்தம், சாமிநத்தம் என்று நம் பக்கம் எத்தனை நத்தம்! நத்தத்தில் வீடு கட்டுவது வழிவழியாக வந்த உரிமை. 'புறம்போக்கு' அப்படியல்ல. அது பொதுவுக்கு உரியது. அதிலும் மேய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு, களம் என்று பல இருக்கின்றன. கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால் ஆகியவை 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. அங்கே இருபது வருஷம் குடியிருந்தாலும் பட்டா வராது. வீட்டு வரி ரசீதும் கரண்டு பில்லும் வைத்திருப்பவர்கள் அதை உரிமை என்று நினைக்கிறார்கள். அவை குடியிருப்பதைக் காட்டும், நிலம் யாருடையது என்பதைக் காட்டாது.

இதைப் பார்க்க வேண்டிய தாள் அ-பதிவேடு. அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டால் காசில்லாமல் கிடைக்கிறது. அதில் நிலம் ரயத்துவாரியா, அரசா, புஞ்சையா, நஞ்சையா, பரப்பு எவ்வளவு என்றெல்லாம் இருக்கும். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். 'ஓடை' என்ற இரண்டெழுத்து அங்கே இருந்தால் பத்திரம் எத்தனை கனமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

அப்பா பார்த்த மனையின் எண்ணைப் போட்டேன். ரயத்துவாரி, புஞ்சை, பட்டா எண்ணும் இருந்தது. குறிப்புக் கட்டம் காலி. மனசு லேசாயிற்று. "சுத்தமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது இரண்டு நாள் கழித்துத்தான். என் எண்ணை மட்டும் பார்த்தேனே தவிர, பக்கத்து எண்ணைப் பார்க்கவில்லை. மனைக்குப் பின்னால் இருக்கிற புல எண்ணைப் போட்டால், குறிப்பில் 'ஓடை'. அது தெரிந்த விஷயம்தான், கண்ணுக்கு முன்னால் ஓடை இருக்கிறது. தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று. பட்டா நிலம் எந்த இடத்தில் முடிகிறது, ஓடை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது?

இதற்குப் பதில் சொல்கிற தாள்தான் எப்.எம்.பி. என்கிற புலப்படம். இரண்டாம் ஆண்டில் செயின் சர்வே செய்தோமே, பேஸ் லைன் போட்டு ஆஃப்செட் எடுத்தோமே, அதுதான் இது. கிராமத்துச் சர்வேயரின் புலப்படமும் அதே முறையில்தான் வரையப்பட்டிருக்கிறது. மூலைக்கு மூலை ஜி-லைன், அதிலிருந்து எல்லை வளைவுகளுக்கு ஆஃப்செட், எல்லாம் மீட்டரில். முதலில் பார்த்தபோது சிலந்திவலை மாதிரி இருந்தது. நம் ஃபீல்டு புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததும் பளிச்சென்று புரிந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் படித்த ஒரு விஷயம் நம் வீட்டுக் காசோடு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தெரிந்த முதல் நாள் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரோடு 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையில் கருவேல முள்ளுக்குள் புதைந்து கிடந்த சர்வே கல்லைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். மனை, புரோக்கர் காட்டின அளவில் முகப்பு 30 அடி, உள்நீளம் 43½ அடி. பெருக்கினால் 1,305 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக மூன்று சென்ட் கணக்குச் சரி. ஆனால் புலப்படத்தின்படி, தெருவோரக் கல்லிலிருந்து ஓடை எல்லை வரை அந்த இடத்தில் இருப்பது 9.45 மீட்டர். அதாவது 31 அடி. மிச்சம் 12½ அடி?

ஓடையை அளந்தோம். படத்தில் அகலம் 12 மீட்டர். தரையில் 8 மீட்டர் சொச்சம். எதிர்க்கரை படத்தில் இருக்கிற இடத்திலேயே இருந்தது. எங்கள் பக்கக் கரைதான் நகர்ந்திருந்தது. கட்டட இடிபாடும் செம்மண்ணும் கொட்டி, மேலே சமப்படுத்தி, ஓரத்தில் கல் ஊன்றியிருந்தார்கள். புதுக் கல். 12½-ஐ 30-ஆல் பெருக்கினால் 375 சதுர அடி. ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவின் கணக்கில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். ஓடையை நாங்கள் ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்கப் பார்த்திருக்கிறோம்!

நான்கு மீட்டர்தானே, ஓடை பாதிநாள் காய்ந்துதானே கிடக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அந்த வறட்சியை நம்பித்தான் பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே வளர்ந்தன. ஆனால் அந்த 800-ம் மாதாமாதம் பங்குபோட்டுப் பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில நாளில் கொட்டிவிடுகிறது. ஒரு சின்னக் கணக்கு. ஓடைக்கு ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை. ஓடு குணகம் 0.4. நாம் படித்த ரேஷனல் ஃபார்முலாவில் போட்டால் 0.4 × 50 × 100 ÷ 360, வினாடிக்கு 5.56 கன மீட்டர். தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், 12 மீட்டர் ஓடையில் ஆழம் 46 சென்டிமீட்டர். 8.2 மீட்டர் ஓடையில், வேகம் மாறாதென்று வைத்துக்கொண்டால், 68 சென்டிமீட்டர். முழங்காலுக்குக் கீழே போக வேண்டிய தண்ணீர் தொடைக்கு ஏறுகிறது. நாம் திருடின நான்கு மீட்டரைத் தண்ணீர் உயரத்தில் எடுத்துக்கொள்கிறது. அதுவும் நம் வீட்டில் மட்டுமல்ல, எதிர்க்கரை வீட்டிலும்.

2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கண்மாய்கள் உடைந்தன, ரயில் பாதை அரித்துப் போயிற்று. நம் பக்கம் அந்த அளவு இல்லை. ஆனால் அப்பத்தா சொன்னார்கள்: "இந்த ஓடையில நான் புள்ளயா இருக்கையில மாட்டை அடிச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டு தடவ அது வழிய மறந்துரும், மூணாந்தடவ தேடி வந்துரும்." ரேஷனல் ஃபார்முலாவைவிட அப்பாவுக்கு இதுதான் உறைத்தது.

ஆக, மீதி 31 அடியாவது நம்முடையதுதானே, அதில் கட்டலாமா? இங்கேதான் கட்டட விதி வருகிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சி முதல் மாநகராட்சி வரை எல்லாவற்றுக்கும் பொது. நீர்நிலை அல்லது நீரோடையிலிருந்து 15 மீட்டருக்குள் மனை இருந்தால், அனுமதி தருபவர் மறுக்கலாம், இல்லையென்றால் தண்ணீர் மாசுபடாமலும் வெள்ளம் வீட்டுக்குள் புகாமலும் இருக்க இன்னின்ன வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடலாம். கவனிக்க வேண்டும், 15 மீட்டருக்குள் அடியோடு தடை என்பதல்ல. ஆனால் அனுமதி நம் உரிமை என்று கேட்கவும் முடியாது. எங்கள் மனையில் பட்டாப் பகுதியே 9.45 மீட்டர்தான். முழு மனையும் அந்த 15-க்குள் அடங்கிவிட்டது.

பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'தூரம்' என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டுக்கும் செட்டுக்கும் தூரம், மருந்து இருப்பு அறைக்கும் குடியிருப்புக்கும் தூரம், இவையெல்லாம் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் இருப்பின் அளவைப் பொறுத்து அட்டவணையாகவே இருக்கின்றன. அப்பா அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "ஓடைக்கும் தூரம் உண்டுப்பா" என்றதும், "அது வெடிக்கவா போகுது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ம்... வெடிக்கும்தான்" என்றார்.

நிபந்தனை என்றால் என்ன மாதிரி இருக்கும்? நம் துறை வேலை அது. தரைமட்டத்தைப் பழைய வெள்ள அடையாளத்துக்கு மேலே தூக்குவது. ஓடைப் பக்கம் தடுப்புச் சுவர், அதுவும் பட்டா எல்லைக்குள்ளே. செப்டிக் டேங்கைப் பின்புறம் தோண்டாமல் தெருப்பக்கம் கொண்டுவருவது. நம் ஊரில் எல்லாரும் பின்புறம்தான் தோண்டுகிறார்கள், முன்வாசலில் கக்கூஸ் குழியா என்று கேட்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மூன்று சென்ட் மனையில் பக்கத்து வீட்டு போருக்கும் சேர்த்து அதைக் கடைப்பிடிப்பது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அஸ்திவாரம் வேறு. கரிசலாக இருந்தால் ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஓடையோரத்தில் இரண்டும் வருஷா வருஷம் நடக்கும். கொட்டின மண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கண்மாய் ஓரத்தில் மனை என்றால் இன்னும் ஒரு படி. கரைக்கு வெளிப்பக்கம் இருப்பவர்களுக்குக் கலுங்கும் மறுகாலும் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். உள்பக்கம், அதாவது உள்வாயில் சில இடங்களில் பழைய பட்டா நிலங்களே உண்டு. கண்மாய் வற்றினால் விவசாயம், நிறைந்தால் தண்ணீர் என்று இருந்தவை. அவற்றைத்தான் இப்போது 'லேக் வியூ' என்று விற்கிறார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. துறைக் கண்மாய்களை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டம் வந்தது. ஓடை, ஊருணி போன்ற மற்றவற்றுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றைக்கும் பாய்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஏழாம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அப்புறம் ஆறாம் பிரிவில் வெளியேற்றம்.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது? 2001-இல் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கில், வற்றிப்போன குளத்தை வீட்டுமனையாக ஒதுக்கியதையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 ஜனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கு. பஞ்சாபில் பட்டியாலா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்கள், சந்தை விலையைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஏற்கவில்லை. நெடுங்காலம் இருந்தது, பெருஞ்செலவு செய்தது, இரண்டும் காரணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். நிலமற்ற கூலித் தொழிலாளிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசே குத்தகை கொடுத்த இடம், பள்ளிக்கூடம், மருந்தகம் இருக்கிற இடம் போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு பேசப்பட்டது. 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நீர்நிலை நிலத்தைப் பதிவு செய்யக் கூடாது, அதில் கட்ட அனுமதியும் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. ஆனால் எங்கள் மனை மாதிரி, பட்டா எண்ணின் பெயரில் ஓடையை விற்றால் பதிவு அலுவலகத்தில் எப்படித் தெரியும்? எண் சுத்தமாக இருக்கிறதே! அதைத் தரையில் போய் அளந்தால்தான் உண்டு.

'ஈரநிலம்' என்ற சொல்லை நான் இதுவரை பயன்படுத்தவில்லை. காரணம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் கடுமையானவை. பத்தாண்டு சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானமே கூடாது என்கின்றன. ஆனால் அதே விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற விளக்கத்திலிருந்து விலக்கிவிட்டன. நம் கண்மாய் எல்லாமே பாசனத்துக்கு மனிதர் கட்டியதுதான்! இதில் வேடிக்கை, பக்கத்து இராமநாதபுரத்தில் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் 2022-இல் சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறின. 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் ஏறின. நான்கும் கண்மாய்கள். நாரையும் கூழைக்கடாவும் வருவதால் அவை ஈரநிலம். எங்கள் ஊர்க் கண்மாய்க்குச் சாயத்தண்ணீரும் சாக்கடையும்தான் வருகின்றன, அதனால் வெறும் கண்மாய். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் ராம்சார் இடங்கள் 20 ஆயின. இந்தியாவிலேயே அதிகம் நம்மிடம்தான்.

அந்தப் பட்டியலில் ஒன்று பள்ளிக்கரணை. 1,247 ஹெக்டேர் சதுப்பு நிலம், சென்னைக்குள்ளேயே. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடிகிற வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் திட்ட அனுமதி தரக் கூடாது என்றது. பெரிய அடுக்குமாடி நிறுவனங்களுக்காகப் பேசப்பட்ட வழக்குதான். ஆனால் கடன் வாங்கி ஒரு மாடி வீடு கட்டக் காத்திருந்தவர்களும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் சிக்கிக்கொண்டார்கள். 15 மீட்டர், 50 மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று அளவு ஏன் இவ்வளவு மாறுகிறது? எல்லையை முதலிலேயே தரையில் கல் ஊன்றிக் காட்டாமல் விட்டதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். மாணவன் சொல்கிறேன், தப்பாக இருந்தால் ஆசிரியர்கள் திருத்தலாம்.

இது நம் நாட்டுத் தொல்லை மட்டும் என்று நினைத்தேன். அமெரிக்காவில் இடாஹோ மாநிலத்தில் சாக்கெட் என்ற தம்பதி 2004-இல் பிரீஸ்ட் ஏரிப் பக்கம் முக்கால் ஏக்கருக்கும் குறைந்த மனை வாங்கினார்கள். 2007-இல் மண் கொட்டி நிரவ ஆரம்பித்ததும், இது ஈரநிலம், கொட்டின மண்ணை அள்ளு, இல்லாவிட்டால் நாளொன்றுக்குப் பல்லாயிரம் டாலர் அபராதம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லிவிட்டது. வழக்கு இரண்டு தடவை உச்ச நீதிமன்றம் போயிற்று. 2023 மே 25-இல் அவர்கள் ஜெயித்தார்கள். ஏரி, ஆறு முதலியவற்றோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாகச் சேர்ந்திருக்கிற ஈரநிலத்துக்குத்தான் அந்த மத்தியச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு. அதனால் அங்கே ஏராளமான ஈரநிலங்கள் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தன. இதைப் படித்தபோது நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. மனை வாங்கினவன் மகனாக ஒரு பக்கம். டேப் பிடித்தவனாக இன்னொரு பக்கம். ஒன்று மட்டும் கணக்குப் போட்டேன். வாங்கி 19 வருஷம். எங்கள் அப்பாவால் 19 வாரம் கூட வழக்கு நடத்த முடியாது.

சரி, முறையாக அனுமதி வாங்குவது எப்படி என்று கேட்பீர்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் தளம் கட்டுவோர் ஒற்றைச் சாளர இணையத்தில் தாங்களே சான்றளித்துக் கட்டணம் கட்டி அனுமதி பெறலாம். அலைச்சல் இல்லை, நல்ல வசதிதான். ஆனால் மனை நீர்நிலையில் இல்லை என்று உறுதி சொல்வது அதிகாரி அல்ல, நாம். தெரியாமல் சொன்னாலும் அனுமதி பிற்பாடு ரத்தாகலாம். ஓடை ஒட்டிய மனைக்கு நான் இந்தக் குறுக்கு வழியைச் சொல்ல மாட்டேன். முதலில் தாலுகாவில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்து அத்து காட்டச் சொல்லுங்கள். வெள்ள அபாயம் பற்றி நீர்வளத் துறையின் கருத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் வரைபடம். இன்னொன்று, மனைப்பிரிவே அனுமதி பெற்றதா என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு அதில் வழி உண்டு, நீர்நிலையில் கிடக்கும் மனைக்கு இல்லை. வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிற கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களிலும் கேட்பது முதலில் பட்டாதான்.

எங்கள் மனை 2014-இல் ஒருவர் பெயரில் பதிவானது. புரோக்கரிடம், "அண்ணாச்சி, வரன்முறை பண்ணின ஆர்டர் இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வாங்கிக்கிடலாம் தம்பி" என்றார். "பின்னால பன்னெண்டரை அடி ஓடையில இருக்கே?" என்று படத்தைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "என்ன, மகனைப் படிக்கவச்சுட்டீங்க போல" என்றார். அது பாராட்டு இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா அண்ணாச்சி, அதுக்குத்தான் படிக்கவச்சேன்" என்றார்.

31 அடிக்கு மட்டும் விலை பேசலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். 930 சதுர அடி, 2.13 சென்ட். 15 மீட்டர் நிபந்தனை, வரன்முறைத் தாள் இல்லை, கொட்டின மண். வேண்டாம் என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் யாரிடமும் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த எழுபத்தைந்தாயிரத்தில் பாதி குழுக் கடன், வாராவாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அட்வான்ஸில் 50,000 இரண்டு தவணையாக வந்தது. 25,000 இன்னும் வர வேண்டும். தீபாவளி முடிந்து தருகிறேன் என்றார்கள். தீபாவளி முடிந்துவிட்டது.

அந்த மனையை இப்போது வேறு யாருக்கோ காட்டுகிறார்களாம். புலப்படத்தின் ஜெராக்ஸ் ஒன்றைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டச் சொல்லி.

உங்கள் வீட்டிலும் மனைப் பேச்சு நடந்தால், புல எண்ணையும் பக்கத்துப் புல எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மத்தியானம் சர்வே லேபில் இருப்பேன். டேப் இருக்கிறது. கல்லை மட்டும் நீங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தால் போதும்.